சுணக்கம்

கொட்டாஞ்சேனை, நாலாம் மாடி.
சுவிட்சை அமத்திவிட்டுப் போய்
அரிசி களைந்து உலையில் போட்டு வந்தேன்.
நீல வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

பழைய சோனகத் தெரு நவ்ஷாத் முதலாளியின்
ஆணிக் கணக்கும் பெயின்ற் கணக்கும்
விடிய முன்னம் போகவேணும்.
ஏழு என்று அடித்தால்
அந்த ஏழு, லிஃப்ட் பழுதான நாளில்
தண்ணிப் போத்தலோடு படியேறி வருகிறவனைப் போல
நின்று நின்று வருகிறது.

வைரஸ் என்றார்கள். தேடினேன், இல்லை.
தூசு என்றார் நிரூபன்.
பக்கத் தகட்டைக் கழற்றிப் பழைய பிரஷால் தட்டினார்.
கறுப்புப் பஞ்சும்
ஒரு கரப்பானின் முழு உடம்பும் விழுந்தன.
வேகம் ஏறவில்லை.
மகனில் சந்தேகப்பட்டு அவனுடைய விளையாட்டுகளை அழித்தேன்.
இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.
பம்பலப்பிட்டிக் கடைப் பொடியன்
திறந்துகூடப் பார்க்காமல்
"அக்கா, இது முடிஞ்சுது. புதுசா எடுங்கோ" என்றான்.
அவன் சொன்ன விலைக்குள்
எங்கள் மூன்று மாத வாடகை படுத்திருந்தது.

இன்றைக்கு நானே டாஸ்க் மனேஜரைத் திறந்தேன்.
வேகம்: 0.79.
அதற்குப் பக்கத்தில், பொடி எழுத்தில்,
இருக்கவேண்டிய வேகம்: 3.20.
மகளின் பாடப்புத்தகம் இதை
முறைவழியாக்கி என்கிறது.
பெயரை வாசித்து முடிக்கவே ஒரு மூச்சு வேணும்.

சூட்டில் சோர்ந்துவிட்டதோ என்று
பெட்டியின் பக்கத்தில் புறங்கையை வைத்தேன்.
பள்ளிக்கூடம் போக மனமில்லாத பிள்ளையின் நெற்றி.
காய்ச்சல் ஒன்றும் இல்லை.

பிறகு மின்சார அமைப்புகள்.
ஒரு கூட்டல் குறியை அமத்த
அதற்குள் இன்னொரு கூட்டல் குறி.
அலுமாரிக்குள் பெட்டி, பெட்டிக்குள் பர்ஸ்,
பர்ஸுக்குள் மடித்த கடதாசி.
புரொசசரின் உச்ச அளவு:
இருபத்தைந்து வீதம்.

ஆர் வைத்தது?
மகன் உதட்டைப் பிதுக்கினான்.
"எனக்கு அந்தப் பக்கம் போகவே தெரியாதே" என்றார் நிரூபன்.
பொடியனைத்தான் திட்டத் தொடங்கினேன்,
அவன் தொடவே இல்லை என்பதை மறந்து.
வயர் ஒன்றைத் தேடி மேசைக்குக் கீழே குனிந்தபோது
யூபிஎஸ்ஸின் முதுகில் ஒரு மஞ்சள் தாள்.
"25இல் விட்டால் நாற்பது நிமிஷம் தாங்கும்."
என் கையெழுத்து.
தாங்கும் என்பதன் கீழே இரண்டு கோடு வேறு.

கரண்ட் இல்லாத அந்த வருசம்.
எந்த எழுத்துக்கு எத்தனை மணிக்கு வெட்டு என்று
ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்திருந்தோம்.
எல்லாமே கால்தான் அப்போது.
கால் கிலோ பருப்பு,
கால் கரண்டி பால்மா,
காஸ் முடிந்துவிடும் என்று கால் சுவாலை.
இருட்டு வர முன்னம் ஒரு கணக்கையாவது முடிக்க
இதன் கழுத்தையும் நான்தான் பிடித்தேன்.
பிறகு கரண்ட் வந்தது.
காஸ் வந்தது, வரிசைகள் கலைந்தன.
இதற்கு மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.
பாவம், கொடுத்த காலுக்குள்
முழுக் கணக்கையும் இழுத்தபடி கிடந்திருக்கிறது.

நூறு என்று அடித்தேன்.
காத்தாடி திருவிழா ஜெனரேற்றர் மாதிரி இரைந்தது.
"ஏனப்பா இந்தச் சத்தம், பிள்ளை இப்பதான் படுத்தவள்!"
எண்பதுக்கு இறக்கினேன்.
ஏழு, விரலை எடுக்க முன்னமே வந்து நின்றது.

பதினொரு மணிக்குள் எல்லாம் முடிந்தது.
பிளேன்ரீக்குத் தண்ணி வைக்கப் போனேன்.
அடுப்பின் குமிழைத் திருகிய கை
கால்வாசியில் தானாக நின்றது.

பார்த்துக்கொண்டு நின்றேன்.
இதற்குள் எத்தனை கூட்டல் குறி இருக்கோ.

"நவ்ஷாத்துக்கு அனுப்பியாச்சோ?"
அறைக்குள்ளிருந்து கேட்டார்.

ஓம், அனுப்பியாச்சு.