கொய்யும் சொல்

படகில் வந்தபோது அது வீம்புச் சொல்.
தாடியில் உப்புக் காய்ந்த வடக்கத்திக்காரர்கள்
கோப்பைக்கு ஒரு முழம் என்று
தாம் குத்திய திமிங்கிலத்தை வளர்த்தார்கள்.
அந்த வளர்ப்புக்குப் பெயர் கார்ப்பா.

ஹம்பர் சேற்றில் கால் புதைந்து
பெண் எடுத்து, பன்றி வளர்த்து, தங்கிவிட்டார்கள்.
பேரனின் பேரன் வாயில் வீம்பு வடிந்து
கார்ப் என்றால் பேசு
என்று மட்டும் மிஞ்சியது.

கன்னில்ட் மதுக்கடையில் அப்படித்தான் சொல்வாள்:
"காலை நீட்டு, கார்ப்."
உப்பு வண்டிக்காரன்
வெள்ளம் தின்ற பாலத்தைப் பற்றிச் சொல்வான்.
மயிர் கத்தரிக்கிறவன்
ஏழு விரலோடு பிறந்த குழந்தையைப் பற்றி.

லத்தீனிலும் ஏறக்குறைய அதே ஓசையில் ஒரு சொல் உண்டு.
கொய், பறி, பிய் என்று பொருள்.
மடத்து எழுத்தன் ஆஸ்மண்ட் நாக்கில்
இரண்டும் ஒட்டிக்கொண்டன.
"ஏழா? போன வாரம் ஆறு விரல்தானே?"
"அந்தப் பாலம் மரமா, கல்லா?"
இறகு பிடுங்கிய வாத்தாய்
ஒவ்வொரு கதையும் மேசையில் கிடந்தது.
"நீ கார்ப்புகிறாய்" என்றாள் கன்னில்ட்.
பாராட்டு என்று நினைத்தான்.

(ஆஸ்மண்ட் நான் கட்டியவன்.
சொல் திரிந்தது மட்டும் மெய்.)

நம்மை மட்டும் என்ன சொல்ல?
"அவனிடம் பேச்சு வாங்கினேன்" என்றால்
எந்தக் கடையில், என்ன விலை என்று
யார் கேட்கிறார்கள்?
பொறு என்பதற்கும் பொறுக்கு என்பதற்கும் நடுவே
நமக்கு ஓரெழுத்துத்தான்.

கிரிம்ஸ்பியில், மீன் கிடங்குக்குப் பின் தெருவில்,
நோரீன் நாற்பத்தோரு வருஷம் சொன்ன சொல் அது.
"கார்ப்பாதே, வில்ஃப்."
தேநீரில் நிறமில்லை என்பார்.
கதவு கிறீச்சிடுகிறது, நீ அண்டை வீட்டானுக்குக்
கத்தரிக்கோலைக் கொடுத்திருக்கக் கூடாது,
மழை தப்பான பக்கத்திலிருந்து வருகிறது என்பார்.
வேறு விதமாக அவருக்குப் பேச வராது.

பிப்ரவரியில் மூளையில் ஒரு நரம்பு அடைத்தது.
இப்போது ஜன்னலோரம்
நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்கிறார்.
எல்லாம் சரி என்பதுபோல் ஒரு முகம்.

இன்று நோரீன்
இலையை வெந்நீரில் ஒரு கணம் மட்டும் காட்டி எடுத்தாள்.
பாலை வேண்டுமென்றே கொட்டினாள்,
அவர் வெறுக்கும் நீலக் கோப்பையில்.

கையில் கொடுத்துவிட்டு
எதிரில் உட்கார்ந்திருக்கிறாள்.

அவர் ஒரு மிடறு குடிக்கிறார்.

கார்ப், வில்ஃப்.