கடவை

சனிக்கிழமை. வினிபெக். மைனஸ் இருபத்தெட்டு.
மேசைமேல் கனடா, நடுவில் மடிப்புத் தழும்போடு.
குகநேசன் இல்லாமலே
அவனுடைய மஞ்சள் பாதையை நாங்கள் போடுகிறோம்.

"இன்னும் கடவையிலதான்," போனில் அவன்,
"பொட்டாஷ் வண்டி. எண்பத்திரண்டு பெட்டி எண்ணிட்டன்."

தர்மினி அவனுக்காகச் சீட்டு எடுக்கிறாள்:
கால்கரியிலிருந்து வான்கூவர்.
மலைக்குள்ளே ஆறு பெட்டி வேண்டும்.
போன பனிக்காலம் தொலைந்ததற்குப் பதிலாய் வைத்த
சட்டைப் பொத்தானைச் சேர்த்தும் ஐந்துதான்.

"ஒண்டு குறையுது மச்சான்."

போனுக்குள் இரும்பு இடித்து, நின்று,
யோசித்து,
வந்த வழியே பின்னுக்கு உருள்கிறது.

"இஞ்ச நூற்றுப் பதினாறு நிக்குது.
எது வேணும்?"

தர்மினி சிரிக்கவில்லை.
ராக்கி மலையிலிருந்து கண்ணெடுக்காமல்
"மஞ்சள்" என்கிறாள்.