ஒற்றை எழுத்து வால்

புதுக்கடையில், நீதிமன்றப் பின்மதிலோரம்,
தட்டச்சுக் கடைக்கு மேலே என் அறை.
நோர்வீஜியன், சுவீடிஷ், டேனிஷ்.
பக்கத்துக்கு ஆயிரத்து நானூறு, முத்திரை தனி.

அந்த மொழிகளில் செயப்பாட்டு வினைக்கு
ஒரு 'ஸ்' போதும்.
வினையின் வாலில் ஒட்டிவிட்டால்
செய்தவன் எழும்பிப் போய்விடுவான்.
வீடு செல்கெஸ்: விற்கப்படுகிறது.
ஆர் விற்கிறது என்று பலகை சொல்லாது.
எங்களுக்கோ 'படு' வேண்டும்.
அடிபடு, கண்ணில் படு, பாடு படு.
தமிழில் ஒன்று செய்யப்பட்டால்
அது கொஞ்சம் நோகவும் நோகும்.

சுவீடனில் நாய்க்கும் அதே ஸ்தான்.
ஹுண்டன் பிட்ஸ்.
கடிபட்ட நாய் அல்ல, கடிக்கிற நாய்.
ஏனென்று இலக்கணப் புத்தகத்தில் தேடினேன்.
வழக்கு என்றிருந்தது.

இராசமலர் கொண்டுவந்தது ஒரே பக்கம்.
ஸ்டவாங்கரில் தங்கச்சி; அங்கே ஏதோ அலுவலகம் கேட்கிறதாம்.
தம்பி செந்தூரன். வெள்ளவத்தை லொட்ஜ்.
இரண்டாயிரத்து எட்டு, ஜூன்,
இரவுச் சாப்பாட்டுக்கு முதல்.
பொலிஸ் முறைப்பாட்டில் 'காணாமல் போனார்',
தானே செருப்பைக் கொழுவிக்கொண்டு போனமாதிரி.
'போனார்' என்பதைப் பேனையால் வெட்டி
மேலே எழுதியிருந்தா:
ஆக்கப்பட்டார்.

சுருக்கமாய் இருக்கட்டும் என்று தட்டினேன்:
சவ்னெஸ்.
வாசித்துக் காட்டச் சொன்னா. வாசித்தேன்.
கதிரை பின்னுக்கு இழுபட்டது.
"சவம் எண்டே எழுதிப்போட்டியள்?"

இல்லையம்மா.
ஆளைக் காணவில்லை என்றும் பொருள்,
ஆளுக்காக ஏங்குகினம் என்றும் பொருள்.
"ஏங்கிறது நான். நான் அதுக்குள்ளை இருக்கிறனோ?"
இல்லை.
"கொண்டுபோனவன்?"
அவனும் இல்லை.

மின்விசிறி ஒருமுறை தாளைத் தூக்கிப் போட்டது.
கீழே யாரோ ஒரு தோம்பைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.
பதினாறு வருடமாய் இந்தத் தொழில்;
ஒரு வாலை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

அழித்தேன். திரும்பத் தட்டினேன்.
'அவ்' என்றொரு சொல் இருக்கிறது, நம்முடைய 'ஆல்' போல.
அதைப் போட்டேன்:
அக்கா இராசமலரால் ஏங்கப்படுகிறான்.
தமிழில் இப்படி ஒருவரும் சொல்லமாட்டார்கள்.
அங்கே சொல்லலாம்.

அடுத்த வரி: கொண்டுபோகப்பட்டான்,
அவ்,
அதற்குப் பிறகு ஒரு கோடு.
மூலத்தில் இல்லாததைச் சேர்க்கக்கூடாது என்பது விதி.
கோடு இழுக்கக்கூடாது என்று விதியில் இல்லை.

முத்திரை குத்தினேன்.
கோட்டின்மேல் மை படாமல்.