நூற்றுப் பதினேழு உருப்படி

பட்டாளம் கொல்லத்துக்கு மாறுது என்று
புலியூர்க்குறிச்சி முழுக்கத் தமுக்கு அடித்துப் போனான்.
நான் வள்ளியாற்றில் முழங்கால் நனைய நின்றிருந்தேன்.
சட்டை நூற்றுப் பதினேழு உருப்படி.
பாதி வெள்ளாவியில் வெந்துகொண்டிருந்தது,
மீதி கல்லடியில்.

விடிந்தால் நடை.
ஆனி மாசம். வேளிமலை
மூன்று நாளாய் முகம் காட்டவில்லை.
துணி உலருமா என்று
காப்டன் துரை வண்ணாத்தியைக் கேட்டா
நாள் குறிப்பார்?

எனக்கு எழுத்துத் தெரியாது.
சேங்கொட்டைப் பாலில் ஊசி தொட்டு
காலருக்குள் வைக்கிற புள்ளிதான் எனக்கு ஆள்.
மூன்று புள்ளி ஒரு கோடு, ஹவில்தார் மஸ்தான்:
வலது அக்குள் எப்போதும் கிழிந்திருக்கும்.
இரட்டைக் கோடு, தம்பூர் அடிக்கிற தெலுங்குப் பையன்:
மார்பில் மாங்காய்க் கறை.
பிறைபோல வளைந்தது பாப்பையா.
காய்ச்சல்காரன் வேர்வை மஞ்சளாய் இறங்கும்,
உவர்மண்ணுக்கு அசையாது.
எவன் எழுந்து நிற்கமாட்டான் என்று
ஆசுபத்திரிக்கு முந்தி எனக்குத் தெரியும்.
சொன்னால் நாக்கு நீளம் என்பார்கள்.

அன்றிரவு கோட்டைக்குள் யாரும் உறங்கவில்லை.
லயங்களின் உத்திரத்தை இறக்கினார்கள்.
ஓட்டை எண்ணிக் கட்டினார்கள்.
லாடம், மருந்துப் பெட்டி, நேரம் அடிக்கிற மணி,
துரைசாணி வளர்த்த ரோஜாத் தொட்டிகூட
வைக்கோல் சுற்றி வண்டி ஏறியது.
தீவட்டி வெளிச்சத்தில் கணக்கப்பிள்ளை
தலை தூக்காமல் கேட்டார்:
"உனக்கு எவ்வளவு பாக்கி?"
"நாலு மாசக் கூலி, ஏமானே."
"கொல்லத்துக்கு வந்து வாங்கிக்கோ."

நானும் எனக்க புருஷன் மாடசாமியும்
வெள்ளாவி அடுப்பைச் சுற்றிச் சட்டை பிடித்து நின்றோம்.
புகை கண்ணைக் கரித்தது.
கோழி கூவும்போது உலர்ந்தது அறுபது.
மற்றவன் எல்லாம் ஈரத்தையே மாட்டிக்கொண்டான்.
தக்கலை ரோட்டில் அணி திரும்பும்போது
வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தது.
அத்தனை முதுகிலிருந்தும் ஆவி பறந்தது,
இட்டிலிக் கொப்பரையைத் திறந்ததுபோல.

என் கையில் ஒன்று மிச்சம்.
பிறை போட்டது.
ஓடிப்போய் மஸ்தானிடம் காட்டினேன்.
அவர் நடையை நிறுத்தவில்லை,
நிறுத்த முடியாது.
கோட்டைக்குக் கிழக்கே முகத்தை மட்டும் திருப்பினார்.
அங்கே செவ்வாய்க்கிழமை வெட்டிய மண்
மழையில் உட்கார்ந்து பள்ளமாகியிருந்தது.

கூலிக்குப் பதில் இதாவது இருக்கட்டும் என்று
மாடசாமி அதைப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனான்.
கருவாடு விலை கேட்டு நின்றவனை
சேவகன் காலரைப் புரட்டிப் பார்த்துப் பிடித்தான்.
கம்பெனிச் சொத்து.
ஒன்பது நாள் தாணாவில் வைத்திருந்தார்கள்.
சட்டையைக் கொல்லத்துக்கு அனுப்பணும் என்று
மேலே இருந்து கடுதாசி வந்தது,
அனுப்புகிற சுமைகூலி எங்கள் தலையில்.

உப்பு வண்டி புறப்படுகிறது என்றார்கள்.
கொஞ்சம் பொறு என்றேன்.
தாணா அழுக்கு, கருவாட்டு நாற்றம்,
அதற்கடியில் அந்த மஞ்சள்.
ஆற்றுக்குக் கொண்டுபோய் அடித்தேன்.
மஞ்சள் போகவில்லை. பிறையும் போகவில்லை,
சேங்கொட்டை போகாது.
கஞ்சி போட்டு, மடித்துத்தான் கொடுத்தேன்.