நிமிடத்துக்கு இத்தனை சொல்

செங்காங்கில் எங்கள் பள்ளி. இரண்டாம் மாடி.
தமிழ் அறை என்று பெயர்,
பாதி அறை உடைந்த நாற்காலிகளுக்கு.
சன்னலுக்கு நேரே எல்ஆர்டி தண்டவாளம்.
ஓட்டுநர் இல்லாத பெட்டி ஒன்று
ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை
எங்களை எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.

பிள்ளையின் கையில் நூற்றிருபது சொல்லில் ஓர் ஆமைக் கதை.
என் கையில் அதே கதை, சொல்லுக்கொரு கட்டத்தோடு.
தவறென்றால் சாய்கோடு.
மூன்று நொடி மௌனமென்றால்
நானே சொல்லிக்கொடுத்து
அதற்கும் ஒரு சாய்கோடு.
தானே திருத்திக்கொண்டால் மன்னிப்பு உண்டு.
சிரித்தால் என்ன செய்வதென்று
கையேட்டில் இல்லை.

முதலில் யாழிசை.
"பேரைச் சொல்லும்மா."
"யாளிசை."
தேர்வு இன்னும் தொடங்கவில்லை,
கோடு போடவில்லை.

மழை, மளையானது. கோடு.
வாழைப்பழம், வாளைப்பளம்:
ஒரே சொல்லில் இரண்டு சறுக்கல், ஒரே கோடு.
கணக்குக்கும் கொஞ்சம் கருணை இருக்கிறது.
பிழை என்ற சொல்லையே
அவள் பிளை என்றுதான் சொல்வாள்.

'ஆமை தன் வீட்டைத் தேடியது.'
அங்கே நின்றாள்.
ஒன்று. இரண்டு.
"டீச்சர், ஆமைக்கு வீடு முதுகுலதானே இருக்கு?
அப்புறம் எதைத் தேடுது?"
மூன்று.
மூன்று வருடமாக இந்தக் கதையைக் கேட்கிறேன்.
எனக்குத் தோன்றவே இல்லை.
கோடு போட்டேன்.

முப்பத்தொன்று.
ஐபேட்டில் அவள் பெயருக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளி.
அந்த இடத்திலேயே வைத்து
இந்தத் தேர்வைத் திட்டிவிட்டு எழுந்திருப்பேன்,
அடுத்து ஜெரோம் வராமல் இருந்திருந்தால்.

வகுப்பிலேயே நல்ல குரல்.
கதைசொல்லும் போட்டியில் கோப்பை.
பாடநூலை ஒருமுறை நான் வாசித்தால்
மறுமுறை அவன் வாசிப்பான், மணி அடித்தாற்போல.

இந்தத் தாள் அவனுக்குப் புதிது.
படத்தைப் பார்த்தான்.
"ஓர் ஊரில் ஓர் ஆமை" என்று தொடங்கினான்.
விரல் வரிமேல் ஒழுங்காக ஓடியது,
கதை வேறெங்கோ ஓடியது.
தாளில் இல்லாத தவளை ஒன்று வந்தது.
ஆமையிடம் கடன் கேட்டது,
திருப்பித் தர மறுத்தது.
என் பேனா நான்காவது கட்டத்திலேயே நின்றது.

நான்கு.
இரண்டு வருடம் என் முன்வரிசையில் இருந்தவன்.
எனக்குத் தெரியவில்லை,
தாளுக்கு ஒரு நிமிடத்தில் தெரிந்துவிட்டது.
அன்று இடைவேளைக்கு
நான் கேண்டீன் பக்கம் போகவில்லை.

ஜூலை. அதே அறை, அதே ஆமை.
இடையில் செவ்வாய்தோறும் நானும் ஜெரோமும்
எழுத்தெழுத்தாகக் கூட்டியிருந்தோம்.
ஒவ்வொரு சொல்லையும்
கல்லைத் தூக்கி வைப்பதுபோல் வைத்தான்.
பத்தொன்பது.
எழுந்து கைதட்டலாம்போல இருந்தது.
தவளை வரவில்லை.
அதையும் கவனித்தேன்.

யாழிசை வந்தாள்.
இரவில் அப்பா கைப்பேசியில் நேரம் வைப்பாராம்.
மழை, மழையாகவே பெய்தது.
பழம் நாக்கில் மடிந்து சரியாக விழுந்தது.
சன்னலில் பெட்டி போனது, திரும்பிப் பார்க்கவில்லை.
ஆமை வீட்டைத் தேடியது,
நிற்கவில்லை.
ஐம்பத்தெட்டு. பச்சைப் புள்ளி.

கடிகாரத்தை நிறுத்திய பிறகு கேட்டேன்:
"ஆமை எதைத் தேடுது யாழிசை?"
தாளைப் பார்த்தாள், என் பேனாவைப் பார்த்தாள்.
"இதுவும் டெஸ்டா டீச்சர்?"

இல்லை என்றேன்.
பேனாவை மூடி வைத்தேன்.
அடுத்த பெயரைத் திரை காட்டிக்கொண்டிருந்தது.

ஒன்று. இரண்டு.
மூன்று.
நான் சொல்லிக்கொடுக்கவில்லை.
நான்கு.
அவள் சன்னல் பக்கம் திரும்பினாள்.
ஐந்து.