ஒன்றரைக் கிலோ

மெஸ்தியாவிலிருந்து வால்டிவியாவுக்கு
நான்கு விமானம்.
நான் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன்.
இதுவரை தரையை விட்டு உயர்ந்தது
குதிரை முதுகு வரை.

ஒதிலியாவுக்கு என்ன கொண்டுபோவது?

கம்பளித் தொப்பி, என்றாள் எத்தெரி.
அப்போதே அவளுக்கு அது பிடிக்கவில்லை,
தலையில் கவிழ்த்த சட்டி என்றாள்.
மைத்துனன் மால்காஸ்
வெள்ளி விளிம்பு வைத்த கொம்புக் கோப்பை என்றான்.
நிரப்பிய கொம்பைக் கீழே வைக்க முடியாது,
குடித்தே தீர்க்கவேண்டும்.
அவளோ ஒரு கோப்பைத் தேநீரை
மூன்று முறை சுடவைத்துக் குடிப்பவள்.
சந்தையில் திராட்சைப் பாகு பூசிய அக்ரூட் சரங்களைக் காட்டினார்கள்.
அது கீழ்நாட்டுப் பண்டம்.
எங்கள் மலைக்குத் திராட்சை ஏறாது.
அடுத்தவன் தோட்டத்தை
என் பெயரில் நீட்டுவதா?

தேன் எடுத்து வைத்தேன்.
மருமகள் கைபேசியில் தேடிவிட்டு
சிலேயில் பிடுங்கிவிடுவார்கள் என்றாள்.
பாலாடைக்கட்டி? அதையும்.
விதை? வாயே திறக்காதீர்கள் மாமா.
பிறகு எதைத்தான் உள்ளே விடுவார்கள்?
ஆளை விடுவார்கள், என்றாள்,
கடவுச்சீட்டு இருந்தால்.

பதினோரு வருடம் முன்
பனியாற்றை அளக்க வந்தாள்.
ஒரு வாரம் என்றுதான் வந்தாள்.
சரிவு இறங்கிப் பாதை மூடிக்கொண்டது.
பத்தொன்பது நாள் எங்கள் வீட்டில்.
காலையில் உருளைக்கிழங்கு,
இரவில் உருளைக்கிழங்கு,
தொட்டுக்கொள்ள எங்கள் உப்பு.
பன்னிரண்டாம் நாள்
கிழங்கை ஒதுக்கிவிட்டு
உப்பை மட்டும் விரலில் ஒற்றி
அவள் நக்கியதை எத்தெரி பார்த்துவிட்டாள்.
ஒன்றும் சொல்லாமல்
கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினாள்.
பாதை வெட்டப் போனபோது
வண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்து
ஒவ்வொரு வளைவிலும்
பனியின் ஆழத்தை எழுதிக்கொண்டே வந்தாள்.
பாதை திறந்த அன்று
இருவருமே சந்தோஷப்படவில்லை.

ஆக, உப்புதான்.
பூண்டு, நீல வெந்தயம், கொத்தமல்லி,
மேய்ச்சல் சரிவில் பறித்த காட்டுச் சீரகம்,
உலர்ந்த செண்டுப்பூ, மிளகாய்.
ஒன்றரைக் கிலோ இடித்தோம்.
இரண்டு நாளைக்கு
தலையணையும் பூண்டு வாசம் அடித்தது.

சாந்தியாகோவில் ஒரு பெண் பையைத் திறந்தாள்.
பழுப்புத் தூள், ஒன்றரைக் கிலோ,
மொழி தெரியாத பெரிய மீசைக்காரன்.
இன்னொருவரைக் கூப்பிட்டாள்.
அவர் நாயைக் கூப்பிட்டார்.
நாய் மோந்தது.
தும்மியது. மறுபடி தும்மியது.
ஒரு சிட்டிகை எடுத்து
என் நாக்கில் நானே வைத்துக் காட்டினேன்.
அந்தப் பெண்ணும் வைத்துப் பார்த்தாள்.
அப்புறம் பையை
அவளே மூடிக் கொடுத்தாள்.

ஒதிலியா
நான் நினைத்து வைத்திருந்ததைவிடக் குள்ளம்.
மூடியைத் திறந்தாள்,
முகத்தை உள்ளே விட்டாள்,
வெளியே எடுக்க நேரமானது.
பிறகு எங்கள் இருவருக்கும்
பாதிப் பாதி தெரிந்த ருஷ்ய மொழியில் சொன்னாள்:
ரத்த அழுத்தம்.
வைத்தியர் உப்பே தொடக்கூடாது என்கிறார்.

உப்பைத் தின்றவர் மறக்கக்கூடாது என்று
எல்லா ஊரிலும் சொல்லி வைத்திருக்கிறார்கள்.
தின்னக்கூடாதவருக்கு
என்ன சொல்வதென்று
எந்த ஊரிலும் இல்லை.

அன்றிரவு உருளைக்கிழங்கு வேகவைத்தாள்.
என் தட்டில் உப்பு,
அவள் தட்டில் எலுமிச்சை.
வெளியே மழை.
அங்கே மழை ஒரு விருந்தாளி இல்லை,
வீட்டுக்காரன்.

இப்போது எங்களுக்கு மார்கழி, வண்டிக்குச் சங்கிலி மாட்டியாயிற்று.
நேற்று அவளிடமிருந்து செய்தி:
உப்பு ஈரம் கோத்துக் கல்லாகிவிட்டது.
தினம் காலையில்
பனிச் சுத்தியலால் ஒரு மூலையை உடைக்கிறேன்.
வாசம் எழும்புகிறது.
மீதியை மூடி வைக்கிறேன்.
இந்த வேகத்தில் போனால்
எத்தனை வருடம் வரும் என்று
கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
உனக்குச் சொல்லமாட்டேன்.