பீர்ப் பெட்டியில் ஒரு பொட்டலம்

முரேவா சாலையில், பஸ் திரும்புமிடத்தில் என் கடை.
ஈரச் சாக்கில் சுற்றி, வெயில் சாய்ந்த பிறகு
செகேசாய் கொண்டுவந்தாள்
உள்ளங்கை அகலப் பொட்டலம்.
"சோயாவுக்கு. உள்ளே உயிர் இருக்கிறது.
சூடு பட்டால் செத்துவிடும்.
மழை வரும்வரை உன் குளிர்பெட்டியில் வை."

எத்தனை உயிர் என்றேன்.
"கிராமுக்கு நூறு கோடி."
தலைக்கு இவ்வளவென்று வாடகை கேட்டேன்.
சிரிக்கவில்லை அவள்.

அழுத்திப் பார்த்தேன்,
நனைந்த கரியாய் நெகிழ்ந்தது.
காதில் வைத்தும் பார்த்தேன்.

பதினாறு நாள் புட்டிகளுக்கு நடுவே கிடந்தது.
மின்சாரம் போன இரவில் எழுந்து
கிணற்றுநீரில் துணி நனைத்துப் போர்த்தினேன்.
பீருக்கு ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை.

மழை வந்தது.
கால்கிலோ சர்க்கரை வாங்கினாள், கடனுக்கு.
தேநீருக்கல்ல; விதையில் ஒட்டவைக்க.
முசாசா மர நிழலில் பிசைந்தாள்.
மை அப்பிய குழந்தை முகங்களாய்
விதைகள் கறுத்தன.
சூரியன் பார்க்குமுன் மண்ணை மூடினாள்.

ஏழாம் வாரம்
ஒரு செடியை வேரோடு கொண்டுவந்து
கல்லாப்பெட்டி மேல் போட்டாள்.
வேரெங்கும் முடிச்சு முடிச்சாய்.
ஒன்றை நகத்தால் கீறினாள்:
உள்ளே இளஞ்சிவப்பு.
"ரத்தம்" என்றான்
மூன்றாவது புட்டியில் இருந்தவன்.
"உள்ளே காற்றைச் சமைக்கிறார்கள்.
வேர் கூலியாகச் சர்க்கரை கொடுக்கிறது."
கடனுக்கா, என்றேன்.
இப்போது சிரித்தாள்.

கீழ்வயல் சினெம்பிரியுடையது.
எல்லைக் கல் முக்கால் முழம் நகர்ந்ததென்று
மூன்று வருடமாக இருவருக்கும் பேச்சில்லை.
அவன் சோயா முழுக்க மஞ்சள்,
அவள் பக்கத்து நான்கு வரிசை தவிர.
அது மட்டும் கரும்பச்சை.
ஒரு பெருமழை
கல்லைக் கேட்காமல் இறங்கிப் போயிருக்கிறது.

"நாலு வரிசை!" செகேசாய் கொதித்தாள்.
"பாதிச் சர்க்கரையை அவன் பேரில் எழுது."
எழுதினேன்.

சனிக்கிழமை வந்தான்.
கணக்கு நோட்டில் விரலை வைத்தபடி
வெகுநேரம் நின்றான். 
சில்லறை எண்ணி வைத்துவிட்டுப் போனான்.

கல் அங்கேயேதான் இருக்கிறது.
இப்போதும் பேச்சில்லை.
இந்த வருடம் என் பெட்டியின் மேல்தட்டில்
இரண்டு பொட்டலம்,
ஒன்றின்மேல் ஒன்று படாமல் வைக்கச் சொல்லி.
பீரைத்தான்
கீழே தள்ள வேண்டியிருக்கிறது.